சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒன்று. நேர்காணலில் அருமையாகப் பேசிய பையன். ஆஃபர் லெட்டரும் கொடுத்தாயிற்று. ரெஸ்யூமில் 'ஃப்ரெஷர்' என்று போட்டிருந்தான். சேருவதற்கு முன், பிஎஃப் தளத்தில் அவனுடைய சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து காட்டச் சொன்னோம். ஒரு நிறுவனத்தின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதிக்கான கட்டம் காலி. மூன்று மாதம் வேலை பார்த்திருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பிப் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. ராஜினாமா என்று அவன் செய்தது அவ்வளவுதான். எங்கள் ஆஃபரும் ரத்தானது.

மனிதவளத் துறையில் இதற்கு 'அப்ஸ்காண்டிங்' என்று பெயர். சென்னையில் கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் எந்த எச்ஆரைக் கேட்டாலும் பண்டிகைக்குப் பிறகு காலியாகக் கிடக்கும் நாற்காலிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

"மூணு மாசம்தானே சார், ரெஸ்யூமில் போடாவிட்டால் யாருக்குத் தெரியும்?" இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விலாவாரியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் தெரியும், தம்பி. முதல் கம்பெனி உங்களுக்குப் பிஎஃப் பிடித்த அன்றே யுஏஎன் என்ற 12 இலக்க எண் உருவாகிவிடுகிறது. அது ஆதாரோடு கட்டப்பட்டது, ஆளுக்கு ஒன்றுதான், ஓய்வு பெறும்வரை அதே எண்தான். அடுத்த கம்பெனியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஆதாரைக் கொடுத்ததும் பழைய எண்ணே வந்து நிற்கும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்திருந்தால் அந்தக் கணக்கிலும் தடம் இருக்கும். வருமான வரி பிடித்திருந்தால் வரித் துறையின் கணக்கில் கம்பெனியின் பெயரே இருக்கும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், சில இடங்களில் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். 'சேலரி' என்று வரவு வைத்த வரி அதில் தெரியாமலா போகும்? பழைய வேலையில் மூன்றே மாதம் இருந்தீர்கள் என்பதற்காக உங்களை யாரும் வேண்டாம் என்பதில்லை. மறைத்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் வேண்டாம் என்கிறார்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் 'தந்த விவரங்கள் பொய்யெனத் தெரிந்தால்' என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

ஏன் ஓடுகிறார்கள்? பாதிப் பேருக்கு முதல் மாதச் சம்பளம் கையில் விழும்போதே கசந்துவிடுகிறது. வருடத்துக்கு 3.6 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் முப்பதாயிரம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. வந்ததோ இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். உங்கள் பிஎஃப் பங்கு 12 சதவீதம், 1,800. கம்பெனியின் பங்கு இன்னொரு 1,800. அதையும் சிடிசியில்தான், அதாவது அந்த மொத்த பேக்கேஜில்தான் சேர்த்திருப்பார்கள். கிராஜுவிட்டிக்கென்று (பணிக்கொடை) சுமார் 720. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி வேறு. இதெல்லாம் போக மிச்சம்தான் கையில். சேருவதற்கு முன்பே, "டேக் ஹோம் எவ்வளவு?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று யாரோ கல்லூரிப் பிளேஸ்மென்ட் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மிச்சப் பேருக்குக் காரணம் கல்லூரிப் பழக்கம். நாலு வருடம் பங்க் அடித்து, வருகை 75 சதவீதம் வராவிட்டால் மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிக் கண்டோனேஷன் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொண்ட கை. சீனியர் ஒருவர் கடிந்து பேசினால் மறுநாள் போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. இரண்டாவது நாள் போக வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது நாள் அப்பா எங்களுக்குப் போன் செய்கிறார். அப்பாக்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் ராஜினாமா செய்ய முடியாது.

பிடிக்கவில்லையா, தாராளமாக விடுங்கள். விடுவதற்கு ஒரு மெயில் போதும். 'இன்ன தேதியிலிருந்து விலகுகிறேன், நோட்டீஸ் காலத்தில் வேலை பார்க்கிறேன்.' இரண்டே வரி. மேலாளரைத் திட்ட வேண்டாம், தத்துவமும் வேண்டாம். எச்ஆருக்கும் அனுப்புங்கள், உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போடுங்கள், ஏனென்றால் அலுவலக மெயில் கடைசி நாளன்று மாலையே மூடப்பட்டுவிடும். பே ஸ்லிப்புகளையும் அதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொபேஷனில் (ஆரம்பச் சோதனைக் காலம்) நோட்டீஸ் பெரும்பாலும் 15 அல்லது 30 நாள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முடியுங்கள். முடியவே இல்லையென்றால், மீதி நாட்களுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விடுவிக்கும்படி கேளுங்கள். முறைப்படி விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கைக்கு வராமல் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யாதீர்கள்.

"பாண்ட் போட்டிருக்கிறேன், இரண்டு லட்சம் கேட்பார்கள், அதனால்தான் ஓடினேன்" என்பவர்களுக்கு: ஓடினால் பாண்ட் போய்விடாது. இத்தனை காலம் வேலை பார்ப்பேன், நடுவில் விட்டால் இவ்வளவு கட்டுவேன் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, தாளில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். அதற்காக எல்லா பாண்டும் வெற்றுக் காகிதம் என்று யூடியூபில் சொல்வதையும் நம்பாதீர்கள். 2025-இல் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு லட்ச ரூபாய் பாண்டைச் செல்லும் என்றே சொன்னது. கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் கம்பெனிக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏற்கெனவே ஓடியவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய கம்பெனியின் எச்ஆருக்கு இன்றே மெயில் போடுங்கள். சொல்லாமல் நின்றது தவறு, நோட்டீஸுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், லெட்டர் கிடைக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். நாங்கள் கல் மனசுக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் தொகையைக் கட்டினால் லெட்டர் வந்துவிடும். பதிலே வராவிட்டாலும், கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, விலகிய தேதியை யுஏஎன் தளத்தில் 'மார்க் எக்ஸிட்' பகுதியில் நீங்களே குறித்துவிடலாம். அதைக் குறிக்காவிட்டால் பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றும்போது இழுபறிதான். இவ்வளவையும் புது வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்யுங்கள். விண்ணப்பத்தில் அந்த மூன்று மாதத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏன் விட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். வேலை ஒத்துவரவில்லை என்று சொன்னால் போதும், நாங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.