வேரோடு வந்த முடியும் வெட்டிய முடியும்: உறவறியும் சோதனையில் எது எதைச் சொல்லும்?

தந்தை யார், உடன்பிறந்தவர் யார் என்பதை உறுதிசெய்யும் டி.என்.ஏ. சோதனைக்கு ஆய்வகங்கள் வழக்கமாகக் கேட்பது, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த மாதிரியையோ சிறிதளவு இரத்தத்தையோதான். முடியைக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம், ஆனால் வேரோடு பிடுங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். முடிதிருத்தகத்தில் வெட்டி விழுந்த முடி அவர்களுக்கு உதவாது. அதே நேரத்தில், அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் நூறாண்டுக்கும் மேலாகக் கிடந்த முடிக்கற்றை ஒன்றைக் கொண்டு, இன்னார் இன்னாருடைய கொள்ளுப்பேரன்தான் என்று 2021-இல் விஞ்ஞானிகள் நிறுவியிருக்கிறார்கள். முடியின் எந்தப் பகுதியில் எந்த டி.என்.ஏ., எவ்வளவு நீளத் துண்டுகளாக எஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் இந்த இரண்டுக்கும் முரண்பாடில்லை என்பது விளங்கும்.

தோலுக்கடியில் இருக்கும் மயிர்க்காலில் உயிரணுக்கள் இடைவிடாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேலே தள்ளப்பட்டு, கெராட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, உட்கருவை இழந்து, இறந்து இறுகி, நாம் சீவி முடிக்கும் தண்டாகிவிடுகின்றன. அப்போது உட்கருவின் டி.என்.ஏ. தானாக மறைந்துவிடுவதில்லை, அதை நறுக்குவதற்கென்றே உள்ள நொதிகள் அதைப் பொடிப்பொடியாக்குகின்றன. ஆகவே வெளியே தெரியும் முடி எவ்வளவு நீளமாக இருந்தாலும், உட்கரு டி.என்.ஏ. அதில் துகள்களாகவே இருக்கும்.

வேர்ப்பகுதியிலும் எல்லா முடியும் ஒன்றல்ல. தலைமுடியில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு எந்நேரமும் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும். சில ஆண்டுகள் நீளும் இந்தப் பருவம் முடிந்ததும் மயிர்க்கால் சில வாரங்களில் சுருங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து, முடியை உதிர்க்கும். வளரும் முடியைப் பிடுங்கி உருப்பெருக்கியில் பார்த்தால், அடிமுனையைச் சுற்றி ஈரப்பசையோடு ஒளி ஊடுருவும் வெண்ணிற உறை ஒட்டியிருப்பது தெரியும். அந்த உறையில் இருப்பவை முழு உட்கருவோடு கூடிய உயிரணுக்கள்; ஆய்வகத்துக்கு வேண்டியது அதுதான். சீப்பிலும் தலையணையிலும் கிடைக்கும் உதிர்ந்த முடியின் முனையிலோ உலர்ந்த சிறு குமிழ் ஒன்றுதான் இருக்கும். அதையே வேர் என்று நம்பி அனுப்பிவிட்டு, முடிவு வரவில்லையே என்று வருந்துவோர் உண்டு. அந்தக் குமிழின் பெரும்பகுதி ஏற்கெனவே கெராட்டினாக இறுகிப்போனது.

தந்தையை அறியும் சோதனைக்கு உறையோடு கூடிய வேர் ஏன் அவசியம் என்பதை, அச்சோதனை எதை அளக்கிறது என்பதைக் கொண்டே விளக்க வேண்டும். நம் குரோமோசோம்களில் நான்கைந்து எழுத்துகள் (டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை எழுத்துகள் என்பது வழக்கம்) கொண்ட ஒரு துணுக்கு திரும்பத்திரும்ப வரும் இடங்கள் பல உண்டு. எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இத்தகைய இருபது அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் குழந்தைக்கு உள்ள இரண்டு எண்ணிக்கைகளுள் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். தாயுடையதைக் கழித்துவிட்டு, எஞ்சியது அந்த ஆணிடம் இருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பதே சோதனை. (ஓரிடத்தில் மட்டும் பொருந்தாமல் போனால் அவர் தந்தையல்லர் என்று உடனே சொல்லிவிட மாட்டார்கள், எண்ணிக்கை ஒரு தலைமுறையில் ஒன்று கூடவோ குறையவோ செய்வது அரிதாக நடப்பதுதான்.) சேலைக் கரையில் எத்தனை அன்னங்கள் என்று எண்ண வேண்டுமானால் கரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முழுதாக இருக்க வேண்டும்; கந்தலாகக் கிழிந்த பிறகு எண்ண முடியாது, ஆனால் ஒவ்வொரு கந்தலும் என்ன நிறம் என்பதை அப்போதும் சொல்லலாம். எண்ணுவதற்குரிய பகுதிகள் பொதுவாக 100 முதல் 450 எழுத்துகள் வரை நீளமானவை. முடித்தண்டில் எஞ்சும் துண்டுகளோ பெரும்பாலும் 100 எழுத்துக்கும் குறைவானவை. நிறத்தைப் பார்க்கும் வழி பின்னால்தான் வந்தது.

அதற்கு முன்பு தண்டிலிருந்து கிடைத்த ஒரே சாட்சி, உயிரணுவுக்குள் ஆற்றலைத் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 எழுத்துகள் கொண்ட இந்தச் சிறு வளையம் ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் இருப்பதால், பெரும்பகுதி அழிந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். இது தாயிடமிருந்தே வருவது என்பதால் தாய்வழி உறவை மட்டுமே சொல்லும். 1918-இல் குடும்பத்தோடு கொல்லப்பட்ட ரஷ்ய இளவரசி அனஸ்தாசியா தானே என்று பல்லாண்டு வாதாடிய அன்னா ஆண்டர்சன் 1984-இல் இறந்து எரியூட்டப்பட்டார். பின்னர், அவருடைய அறுவை சிகிச்சையின்போது பாதுகாக்கப்பட்ட திசுவையும், தனியே கிடைத்த அவருடைய முடியையும் ஆராய்ந்தார்கள். அனஸ்தாசியாவின் தாய் அலெக்சாண்டிராவின் சகோதரிக்கு மகள்வழிப் பேரன் பிரிட்டனின் இளவரசர் பிலிப். இடையில் வருவோர் எல்லாரும் பெண்களே என்பதால், அவருடைய மைட்டோகாண்ட்ரியாவும் அனஸ்தாசியாவுடையதும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அன்னாவுடையது அதனோடு பொருந்தவில்லை. பிரான்சிஸ்கா ஷான்ட்ஸ்கோவ்ஸ்கா என்ற தொழிலாளிப் பெண்ணின் தாய்வழி உறவினரோடு பொருந்தியது. இல்லை என்று சொல்வதில் இந்தச் சோதனைக்கு வலு அதிகம். ஆம் என்று சொல்லும்போது, அதே தாய்வழியில் வந்த எவராகவும் இருக்கலாம் என்ற ஐயம் கூடவே நிற்கும்.

தந்தைவழியைச் சொல்வது, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம். இசைமேதை பீத்தோவனுடையவை எனப்பட்ட எட்டு முடிக்கற்றைகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஐந்து ஒரே ஆணுக்கு உரியவை, அவருடையவையே என்று கொள்ளத்தக்கவை எனத் தெரிந்தது. அவருக்கு ஈய நஞ்சேறியிருந்தது என்ற வாதத்துக்கு அடிப்படையாக இருந்த புகழ்பெற்ற கற்றையோ ஒரு பெண்ணுடையது. பெல்ஜியத்தில் வாழும் அதே குடும்பப் பெயருடைய ஐந்து ஆண்களின் ஒய் குரோமோசோம் தமக்குள் பொருந்தியது. இசைமேதையின் முடியோடு பொருந்தவில்லை. 1572-க்கும் 1770-க்கும் இடையே ஏதோ ஒரு தலைமுறையில், ஏட்டில் உள்ள தந்தை உண்மையான தந்தையாக இருக்கவில்லை என்பதே இதன் பொருள். எந்தத் தலைமுறை என்று முடியைக் கொண்டு சொல்ல இயலாது.

தாய்வழியும் தந்தைவழியும் கைகொடுக்காத உறவு ஒன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல் 1890 டிசம்பர் 15 அன்று கொல்லப்பட்டார். அவருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்ட முடிக்கற்றைதான் தொடக்கத்தில் சொன்னது; அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, 2007-இல் எர்னி லபாயின்ட்டிடமும் அவருடைய சகோதரிகளிடமும் திரும்பி வந்தது. சிட்டிங் புல்லின் மகளுக்கு மகள், அவருக்கு மகன் எர்னி. இடையில் இரு பெண்கள் இருப்பதால் ஒய் குரோமோசோம் அறுந்துவிட்டது; தொடக்கத்தில் நிற்பவர் ஆண் என்பதால் மைட்டோகாண்ட்ரியாவும் பயன்படாது. எஞ்சியவை இருபாலருக்கும் பொதுவான மற்ற குரோமோசோம்கள். அவற்றில் கொள்ளுத்தாத்தாவிடமிருந்து கொள்ளுப்பேரனுக்கு வருவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு.

டென்மார்க்கைச் சேர்ந்த மரபணு ஆய்வாளர் எஸ்கே வில்லர்ஸ்லெவின் குழுவுக்குக் கிடைத்த முடி மிகச் சிறிது, அதிலிருந்த டி.என்.ஏ.வும் இடைவெளிகள் நிறைந்தது. அக்குழு எண்ணிக்கைகளை எண்ண முயலவில்லை, கந்தலின் நிறத்தைப் பார்க்கும் வழியையே எடுத்துக்கொண்டது. ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகின்ற ஏராளமான இடங்களில், துண்டுகள் அகப்பட்ட இடங்களை மட்டும் படித்து, அங்கே காணும் எழுத்து எர்னியிடமும் இருப்பதற்கான வாய்ப்பு, உறவு உண்டென்றால் எவ்வளவு, இல்லையென்றால் எவ்வளவு என்று கணித்தது. ஒவ்வோர் இடமும் தனித்துச் சொல்வது அற்பம். அவற்றையெல்லாம் சேர்த்தால்தான் விடை வரும். சிறிய சமூகம் ஒன்றில் யாரை எடுத்தாலும் ஓரளவு ஒத்திருப்பார்கள் என்பதால், வேறு 13 லகோட்டா மக்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு அந்தப் பொது ஒற்றுமையைக் கழிக்க வேண்டியிருந்தது. என் பார்வையில் இந்த ஆய்வின் நேர்மையே இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. பதினான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் வந்த முடிவு, எர்னி கொள்ளுப்பேரன் என்பதற்கே பொருந்தியது.

இந்த வழி உழைப்பும் செலவும் மிகுந்தது. வழக்கமான தந்தைமைச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் இதைக் கையாள்வதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு இது தேவையும் இல்லை. இரத்தத்தையும் கன்ன மாதிரியையும் விட முடியே மேலானதாகிவிடும் சூழல் ஒன்று உண்டு: பிறருடைய எலும்பு மஜ்ஜையைப் பெற்றவருக்கு இரத்தத்தில் கொடையாளரின் டி.என்.ஏ.வே இருக்கும், உமிழ்நீரிலும் அது கலந்திருக்கும். மயிர்க்காலிலோ பெரும்பாலும் அவருடைய சொந்த டி.என்.ஏ.வே நீடிக்கும். அவரிடமிருந்து முடி எடுக்கும்போது நுனியை வெட்டாமல், அடியோடு பிடித்துச் சட்டென்று பிடுங்கி, வேர்முனையில் கை படாமல், ஈரம் தங்கும் பிளாஸ்டிக்கைத் தவிர்த்துத் தாள் உறையில் இட வேண்டும். ஒன்றிரண்டு போதாது, பிடுங்கிய எல்லாவற்றிலும் அந்த வெண்ணிற உறை ஒட்டி வருவதில்லை.