வீடு ஏன் வரவில்லை என்ற கேள்வி யாருக்குப் போக வேண்டும்?

ஏழைகளுக்கான அரசு வீட்டுத் திட்டம் பற்றி நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் கேள்வி போட்டால், மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நிலமும் குடியமர்த்தலும் மாநில விவகாரங்கள், மாநிலங்களின் முயற்சிக்கு மத்திய அரசு துணை நிற்கிறது என்று. பழைய பதில்களைப் புரட்டிப் பாருங்கள், இந்த வரி திரும்பத் திரும்ப வரும். அதே கேள்வியைச் சட்டமன்றத்தில் கேட்டால் மத்தியப் பங்கு வரவேண்டியிருக்கிறது என்பார்கள். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் “லிஸ்ட் மேலிருந்து வரணும்மா” என்பார்கள். மூன்றில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. வீட்டுக்கான பணமும் பயனாளிகள் பட்டியலும் நிலமும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, அதனால் கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சரி, பணத்திலிருந்து தொடங்கலாம்.

கிராமப்புறத்துக்கான பிரதமர் வீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. அதற்கு முன் இருந்த இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் மறுவடிவம்தான் இது. ஊரில் இன்னும் பலர் எல்லாவற்றையும் சேர்த்துத் ‘தொகுப்பு வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மத்திய அரசு 60 சதவீதம், அதாவது 72,000. மாநில அரசு 40 சதவீதம், 48,000. இந்தக் காசில் கான்கிரீட் கூரை போட முடியுமா என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சிரிப்பார். அதனால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக இன்னொரு 1,20,000 போடுகிறது. ஆக மொத்தம் 2,40,000. மாநிலம் போடும் 48,000-ஐயும் 1,20,000-ஐயும் கூட்டிப் பாருங்கள், 1,68,000 வரும். பெயர் பிரதமருடையது, பத்து ரூபாயில் ஏழு ரூபாய் மாநிலத்துடையது.

இதோடு கழிப்பறைக்கு 12,000 ரூபாயும், நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும் சேரும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டது. அந்த 90 நாள் கூலி இனி எந்தக் கணக்கில் வரும் என்பது எம்.பி. ஒருவர் கேட்க வேண்டிய நல்ல கேள்வி.

கலைஞரின் கனவு இல்லம் வேறு கதை. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்தது, பணமும் மாநிலத்துடையது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2030-க்குள் எட்டு லட்சம் வீடு, முதல் ஆண்டில் ஒரு லட்சம் என்று இலக்கு வைத்தார்கள். குடிசையில் இருப்பவர்களுக்கானது, ஆனால் இடத்துக்குச் சொந்தப் பட்டா வேண்டும். இங்கேதான் நிறைய பேர் நிற்கிறார்கள். புறம்போக்கில் குடிசை போட்டு முப்பது வருஷமாக இருப்பவருக்கு வீட்டுக்கு முன்னால் பட்டா வேண்டும், பட்டா கேட்கப் போனால் அது வருவாய்த் துறை. வீட்டுத் திட்டத்தைப் பார்க்கும் ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு என்ன பயன்?

இந்தப் பிரிவினை தெரிந்தால், எதிர்க்கட்சிக்காரர் கேட்கும் கேள்வி உருப்படியானதா, வெறும் சத்தமா என்று நமக்கே பிடிபட்டுவிடும். 1,20,000 ரூபாய் 2016-இல் வைத்தது, சிமென்டும் கம்பியும் எங்கேயோ போய்விட்டன, ஏன் உயர்த்தவில்லை? இது டெல்லிக்கான கேள்வி. எம்.பி.க்கள் உட்கார்ந்து துறையின் வேலையை ஆராயும் ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதை உயர்த்தச் சொல்லி வந்திருக்கிறது. அந்தக் குழுவுக்கு 2024-இல் தலைவரானவர் சப்தகிரி உலகா, காங்கிரஸ் எம்.பி. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் தி.மு.க.வின் கனிமொழி. இரண்டு பேருமே எதிர்க்கட்சி வரிசை. அவையில் கத்துவது டிவியில் வரும், குழு அறிக்கை வராது. ஆனால் குழு அறிக்கைக்கு அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஊராட்சி ஒன்றியத்தில் கூரை மட்டம் வரை வந்த வீட்டுக்குத் தவணை ஏன் நிற்கிறது? இது சட்டமன்றத்துக்கு. பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அடித்தளம், லிண்டல், கூரை, வேலை முடிந்த பின் என்று கட்டம் கட்டமாக, போட்டோ எடுத்து ஏற்றிய பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் நின்றால் கடன்தான்.

கேள்வி கேட்கும் முறையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு இருபதுதான் பட்டியலில் வரும், நேரம் முடிவதற்குள் எடுக்கப்படுவது அதிலும் சில. குறியில்லாத கேள்விகள் 230 வரை, அவற்றுக்குப் பதில் எழுத்தில். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் குறியில்லாத கேள்விகளில்தான் சரக்கு இருக்கிறது. அதன் இணைப்பில்தான் மாநிலவாரி அட்டவணை வரும்: எத்தனை வீடு ஒதுக்கினார்கள், எத்தனைக்கு அனுமதி, எத்தனை முடிந்தது. பதிலில் ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று இருந்தால் விட்டுவிடாதீர்கள். அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைத் துரத்துவதற்கென்றே உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது.

சட்டமன்றத்தில் இதற்கான பெரிய நாள், ஊரக வளர்ச்சித் துறையின் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது துறையின் ஆண்டுச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் நாள். கோரிக்கை எண் 42. அன்று எதிர்க்கட்சி, கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும். ‘ஏழை வீட்டுக்கு வெட்டு கேட்டார்கள்’ என்று உடனே வாட்ஸ்அப்பில் சுற்றும். அப்படியெல்லாம் இல்லை. துறையின் குறையை எடுத்துப் பேச ஒரு வழி, அவ்வளவுதான். அன்றைக்கே வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைத் துறையின் தளத்திலிருந்து இறக்கிப் படிக்கலாம், தமிழிலேயே இருக்கும்.

அப்புறம் உள்ளாட்சி. அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் ஐந்தாவது இனம். அதே சட்டத்தின் 243-இ பிரிவு, ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், தி.மு.க. தொடுத்த வழக்கில் அறிவிக்கை ரத்தாகி, இழுத்து இழுத்து 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. மற்ற 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். அந்த 2019 ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது, தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் மறுபடி வந்தார்கள். முதல் தடவை ஏன் தேர்தல் இல்லை என்று கேட்டது தி.மு.க., ஆட்சியில் அ.தி.மு.க. இருந்தது. இரண்டாம் தடவை கேட்டது அ.தி.மு.க., ஆட்சியில் தி.மு.க. இருந்தது. கேள்வித்தாள் அதேதான், உட்கார்ந்த பெஞ்சுதான் மாறியது.

இதற்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பட்டியலைச் சரிபார்க்கும் அதிகாரம் கிராம சபைக்கு. பிரதமர் திட்டத்தின் மூலப் பட்டியல் 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது, விடுபட்டவர்களுக்காக 2018-இல் மறு கணக்கெடுப்பு நடந்தது. யார் தகுதி, யார் தகுதியில்லை, யார் முந்தி என்று ஊர் கூடிச் சொல்ல வேண்டும். தகுதி நீக்க விதிகளையும் 2024-இல் தளர்த்தினார்கள். முன்பு வீட்டில் ஒரு பைக்கோ ஃபிரிட்ஜோ இருந்தாலே பெயர் போய்விடும், இப்போது அது தடையில்லை. மாத வருமான வரம்பும் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரமானது. பழைய விதியில் கழித்துக் கட்டப்பட்டவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது? ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்தால் ஓட்டுக்காகவாவது சொல்வார். தனி அலுவலருக்கு அந்தக் கவலை இல்லை, அவருக்கு இன்னும் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டும்.

பணமும் தடைபடும். தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இல்லாத ஊராட்சிகளுக்கு, மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி டெல்லியிலிருந்து வரும் நிதிக்குழு மானியம் நிற்கும். 2016-க்கும் 2019-க்கும் இடையில் தமிழ்நாடு இதை ஒரு முறை அனுபவித்துவிட்டது. வீடு கட்டிய தெருவுக்குக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வர வேண்டியது அந்த மாதிரிப் பணத்தில்தான்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில் நான் போன ஒரு சபையில், அறுபது வயதுக்காரம்மா ஒருவர் பட்டியலை வாசிக்கச் சொன்னார். “அது ஆன்லைன்ல இருக்கும்மா” என்றார் செயலர். “ஆன்லைன் எந்தத் தெருவுல இருக்கு தம்பி, நான் போய்ப் பாத்துக்கறேன்” என்றார் அவர். கூட்டம் சிரித்தது, செயலரும் சிரித்துவிட்டு, உள்ளே போய் நான்கு தாள்களை எடுத்து வந்து வாசித்தார். அவர் பெயர் அதில் இல்லை. பெயர் இல்லை என்பதையே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்து ஆகும் வரை அந்த அம்மா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தத் தீர்மானத்தின் நகல்தான் அடுத்து எம்.எல்.ஏ.வின் கைக்குப் போனது.