கமிட் மெசேஜ்: ஒப்படைப்புச் செய்தியா, பதிவுக் குறிப்பா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் திறமூல மென்பொருள் பயிற்சிக்குத் தமிழிலேயே கையேடு அச்சிடத் தொடங்கியிருக்கிறார்கள்; அதை வரவேற்கிறேன். ஆனால் அவற்றுள் ஒன்று, நிரலில் செய்த மாற்றத்தோடு நிரலாளர் எழுதிவைக்கும் ‘கமிட் மெசேஜ்’ (commit message) என்பதை ‘உறுதிமொழிச் செய்தி’ என்கிறது, மற்றொன்று ‘ஒப்படைப்புச் செய்தி’ என்கிறது. மாணவர்களும் அப்படியே சொல்லக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சேர்த்து வைத்தல், நம்பி விடுதல் என்னும் பொருள்கள் கொண்ட ‘கொம்மிட்டெரே’ என்ற இலத்தீன் வினையே ‘கமிட்’ ஆயிற்று. அதிலுள்ள ‘மிட்டெரே’ என்பதற்கு அனுப்புதல் என்று பொருள். ‘மெசேஜ்’ என்பதும் அந்த வேரில் கிளைத்ததே. நிரல் மேலாண்மையில் கமிட் என்பது, செய்த மாற்றங்களை ஒரு தொகுதியாக வரலாற்றில் ஏற்றுவது.

‘உறுதிமொழி’யை நீண்ட நேரம் மறுக்க வேண்டியதில்லை. பள்ளிக் காலை வழிபாட்டில் கை நீட்டிச் சொல்வது உறுதிமொழி. நிரலாளர் இங்கே யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பின் விளைவு இது.

‘ஒப்படைப்பு’ அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. நம்பி விடுதல் என்னும் மூலப்பொருளுக்கு அது அருகில் இருக்கிறது. நிரல் வரலாற்றை ஒரே பொது வழங்கியில் (சர்வரில்) வைக்கும் சப்வெர்ஷன் போன்ற மையக் கருவிகளில் கமிட் செய்தவுடன் மாற்றம் பொது வழங்கிக்கே போய்ச் சேர்வதால், அங்கே அச்சொல் பொருந்தவும் செய்யும். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ (Git) என்ற கருவியில் கமிட் நம் கணினியிலேயே தங்குகிறது. பிறரிடம் போய்ச் சேர, அதைத் தனியாக ‘புஷ்’ செய்தாக, அதாவது பொது வழங்கிக்கு அனுப்பியாக வேண்டும். ஒப்படைப்பு என்று கற்ற மாணவர், கமிட் செய்துவிட்டு, குழுவினருக்கு ஏன் எதுவும் தெரியவில்லை என்று விழிக்கிறார். ஒப்படைத்தது யாரிடம் என்ற கேள்விக்கு அக்கலைச்சொல்லில் விடை இல்லை. இல்லாத ஒரு பெறுநரைக் கற்பிக்கும் சொல், எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் கலைச்சொல்லாகாது.

‘பதிவு’ என்பதே என் தேர்வு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வந்த எவருக்கும் இது விளங்கும்: வில்லங்கச் சான்றில் ஒரு பரிவர்த்தனை சுருக்கமாகவே இருக்கும், முழு விவரமும் பத்திரத்தில் இருக்கும்; கமிட்டின் தலைப்பு வரியும் அதன் கீழ் வரும் விளக்கமும் அப்படித்தான். நடந்தவற்றை வரிசையாகக் காட்டும் ‘லாக்’ (log) என்பதற்கும் பதிவு என்றே எழுதுகிறார்களே என்பார் உளர். அதற்குப் ‘பதிகை’ இருக்கிறது.

‘செய்தி’யைக் ‘குறிப்பு’ என்று மாற்றச் சொல்வதற்குக் காரணம் வேறு. செய்தி என்றால் கைப்பேசிக் குறுஞ்செய்திபோல நினைத்து, ‘பிழை சரிசெய்தேன்’, ‘முடிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்பதை ‘கிட்’ கருவியே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். ஊர்த் தேடல் செயலி ஒன்றுக்கான பதிவுக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

‘தேடும்முன் எழுத்துக்குறிகளை இயல்பாக்கு

தொப்பூர் என்பதிலுள்ள ஒகரக் குறி, ஒற்றைக் குறியாகவும் எகரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரட்டையாகவும் உள்ளிடப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒப்பிடும்போது பொருந்துவதில்லை. சேமித்த பெயர்களையும் தேடுசொல்லையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறேன்.’

இதற்கு மேல் வேண்டியதில்லை. மாற்றிய வரிகளை மீண்டும் உரைநடையில் சொல்வதும், அன்றைய கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று அடுக்குவதும் குறிப்பைப் பருக்க வைக்குமே தவிர, ஈராண்டு கழித்துப் பிழை தேடுபவருக்கு உதவா. எழுத்துப்பிழை திருத்திய பதிவுக்குத் தலைப்பு வரி ஒன்றே போதும்.

அத்தலைப்பு 50 குறிகளுக்குள் இருப்பது நல்லது என்று கிட்டின் கையேடு பரிந்துரைக்கிறது. ‘தொப்பூர்’ நமக்கு 4 எழுத்து; புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும் ஒருங்குறியில் (யூனிகோடில்) 8 குறிகள். ஆகவே தமிழ்த் தலைப்புக்கு இடம் விரைவில் தீர்ந்துவிடும். அதோடு வினை நம் மொழியில் இறுதியில் வருவதால், நீண்ட தலைப்பைத் திரை வெட்டும்போது ‘சேர்’ என்பதா ‘நீக்கு’ என்பதா என்பதே மறைந்துபோகிறது. ஆங்கிலத் தலைப்புகளை அப்படியே தமிழாக்கித் தரும் கையேடுகள் இதைக் கவனிப்பதே இல்லை.