கூட்டாளி மாறினால் பிள்ளை கெட்டுவிட்டது என்று யார் சொன்னது?

"இவளுக்குத் தலைக்கனம் டீச்சர். பழைய கூட்டாளியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா." பள்ளி திறந்து இரண்டே வாரம். இதே குறையோடு என் ஆலோசனை அறைக்கு வந்த மூன்றாவது அம்மா இவர். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவர் மகளும் அந்தப் பழைய கூட்டாளியும் ஒரே தோட்டம், அடுத்தடுத்த வீடு, தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மலாய் மொழி போதவில்லை என்று கூட்டாளியைப் புகுமுக வகுப்பில், அதாவது படிவம் 1க்கு முன் ஒரு வருஷம் கூடுதலாகப் படிக்கும் வகுப்பில், போட்டார்கள். இவர் மகள் நேராகப் படிவம் 1, இடைநிலைப்பள்ளியின் முதல் வருஷம். காலையில் ஒரே வேனில் வந்து இறங்கினாலும் வகுப்பு வேறு, பாடம் வேறு, ஓய்வு நேரத்தில் கூட உட்காருகிறவர்கள் வேறு. இப்போது ஒருத்தி படிவம் 2, மற்றவள் படிவம் 1. படிவம் 5இல் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரை இந்த ஒரு வருஷ இடைவெளி மாறாது. இது பெரியவர்கள் போட்ட கோடு அம்மா. பிள்ளைகள் சண்டை போட்டுப் பிரியவில்லை.

ஆண்டிறுதி விடுமுறையில், நேராகப் படிவம் 1 போன பிள்ளை, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் வகுப்புத் தோழிகளோடு பஸ் ஏறி டவுனுக்குப் போக ஆசைப்பட்டிருக்கிறாள். அம்மா கைப்பேசியைப் பிடுங்கி, பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தி, "முன்ன மாதிரி பேசு" என்றிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் அழுதிருக்கிறார்கள். இன்று வேனில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வருகிறார்கள்.

பதின்மூன்று வயதில் கூட்டாளி மாறுவது கெட்டுப்போவது இல்லை. புதுக் கூட்டாளி வந்தால் பழையவளை வெறுக்கிறாள் என்று அர்த்தம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் உங்களைப் பிடிக்கவில்லை என்றும் அர்த்தம் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும், "அந்தப் பிள்ளை சேர்ந்துதான் இப்படி" என்றே முடிக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பெயராவது தெரியுமா என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? புதுக் கூட்டாளிகளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், மைலோ கலக்கிக் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள். டவுனுக்கு அனுப்புங்கள், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று மட்டும் கேட்டு வையுங்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், இரவில் கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளை மட்டும் தொட விடாதீர்கள். உரிமம் எடுக்கவே 16 வயது ஆக வேண்டும். தோட்டத்துச் சாலைதானே என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம்.

கூட்டாளி மாறினால் பயப்படாதீர்கள். கூட்டாளியே இல்லாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால் உடனே வாருங்கள். ராத்திரி நேரமென்றால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம், புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளையின் அம்மா இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. விட்டுப் போனவளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். விடப்பட்டவள் வீட்டில் என்ன சொல்கிறாள் என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள் அம்மா. ஓய்வு நேரத்தில் அவள் தனியாகச் சாப்பிடுவதை நான் தினமும் பார்க்கிறேன்.