வலிக்காத புண்

எங்கள் பெரியப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பல வருடமாகச் சுகர். ஒருநாள் இரவு டியூட்டி முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியவர், "சாக்ஸ் ஏன் ஈரமா இருக்கு?" என்று பெரியம்மாவைக் கேட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தால், ரத்தம். ஷூவுக்குள் ஒரு புளியங்கொட்டை கிடந்தது. காலையில் எப்படியோ உள்ளே விழுந்திருக்கிறது. பகல் முழுக்க அதன் மேலேயே நின்றும் நடந்தும் டிக்கெட் கிழித்திருக்கிறார். கட்டை விரலுக்குக் கீழே தோல் பிய்ந்து சதை தெரிந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை.

அன்று வீட்டில் எல்லோர் வாயிலும் வந்த வார்த்தை ஒன்றுதான்: "சர்க்கரைப் புண்ணாச்சே, ஆறாதே!" இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் கால் விரலை, சில சமயம் காலையே இழப்பவர்கள் நம் ஊரில் நிறைய.

முதலில் வலி எங்கே போனது என்று பார்ப்போம். நம் தசைகள் இன்சுலின் வந்து கதவைத் திறந்தால்தான் சர்க்கரையை உள்ளே விடும். நரம்புக்கும் கண்ணின் விழித்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படிப்பட்ட கதவு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அவற்றுக்குள்ளும் ஏறும். சர்க்கரை நோய் இந்த மூன்றையும் குறிவைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நரம்புக்குள் மிஞ்சிப்போன குளுக்கோஸ், சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அந்த மாற்றத்தில், செல்லைக் காப்பாற்றி வைத்திருக்கும் சேமிப்பு கரைகிறது. இன்னொரு பக்கம், நரம்புக்கே சாப்பாடு கொண்டுபோகும் மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போகிறது. நரம்பு பட்டினி கிடக்கிறது.

பட்டினியில் முதலில் வாடுவது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் பயிர்தானே? முதுகெலும்பின் அடிப்பக்கத்திலிருந்து கால் விரல் நுனி வரை வருகிற நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். உடம்பிலேயே நீளமான இழைகள் இவைதான். அதனால் மரத்துப்போவது கால் விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸை இழுத்துப் போட்ட மாதிரி மெல்ல மேலே ஏறும். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், ராத்திரியில் எரியும், தரையில் நடந்தாலும் பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கும். பலருக்கு இது எதுவுமே தெரியாது. எனக்கு அதிகம் பயம் தருவது, "முன்னெல்லாம் எரியும், இப்ப எரிச்சலே இல்ல, சரியாயிடுச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான். எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பே செத்துப்போயிருக்கலாம்.

வலியோடு வேறு சிலதும் போகும். பாதத்தின் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கி போல மடங்கும். அப்போது விரலடி எலும்புகள் கீழே துருத்திக்கொண்டு உடம்பின் எடையைத் தாங்கும். வியர்வையைக் கவனிக்கும் நரம்பு கெட்டால் பாதம் காய்ந்து பித்தவெடிப்பு வரும். அழுத்தம் படும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழும். அந்தக் காய்ப்பே ஷூவுக்குள் கிடக்கும் கல்லைப் போல உள்ளே அழுத்த ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் வெறும் காய்ப்பு, அடியில் புண்.

சரி, புண் ஏன் ஆறுவதில்லை? இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1914-இல் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அவர் கையில் எடுத்தது, சர்க்கரையைப் போலவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும் தொழுநோய். விரல்களும் பாதமும் அந்த நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று அப்போது மருத்துவர்களே நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். அருகில் வந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். கீழே ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு தெரியும் வரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

அப்புறம் பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடிப் போனார். சூடான பாத்திரம், பிடி தேய்ந்த கருவி, ஆணி துருத்திய செருப்பு என்று வரிசையாகக் கிடைத்தன. காலையில் எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருந்ததற்குக் காரணம், ராத்திரியில் எலி வந்து கடித்ததுதான். அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். சதை தானாக அழுகவில்லை. வலி இல்லாததால் காயப்பட்டு, அந்தக் காயமே மறுபடி மறுபடி காயப்பட்டது.

காலில் புண் வந்தால் நீங்களும் நானும் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் வைத்தியம். வலிக்கும் இடத்தில் எடை விழாமல் உடம்பு தானாகப் பார்த்துக்கொள்ளும். மரத்துப்போன காலோ நொண்டாது. புண் மேலேயே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடி வைக்கும். ராத்திரியில் முளைத்த புதுத் தோல் காலையில் பால் வாங்கப் போகும்போதே நசுங்கிவிடும். எடை விழாமல் செய்துவிட்டால் அதே புண் ஆறுகிறது. பாதத்தோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டு போட்டு எடையைப் பரப்பிவிட்டால், ரத்த ஓட்டம் நன்றாக உள்ளவர்களின் அடிப்பாதப் புண் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் மூடிக்கொள்கிறது.

1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதை நடப்பதைப் பார்த்தார். வேலூரில் கற்றது அங்கே அவர்களுக்கும் பயன்பட்டது. இன்று மருந்துக் கடைகளில் விற்கும் 'எம்.சி.ஆர்.' (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பின் மெத்தென்ற ரப்பர், வேலூரில் தொழுநோயாளிகளுக்காக அவரும் சகாக்களும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

'ஆறாது' என்பது எப்போது உண்மையாகும்? காலுக்கு வரும் பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால், அல்லது சீழ் எலும்பு வரை இறங்கியிருந்தால். எவ்வளவு எடையைக் குறைத்தாலும் அப்போது புண் மூடாது. அதனால்தான் மருத்துவர் பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடித்துடிப்பு பார்க்கிறார். பீடி, சிகரெட் இந்த அடைப்பை வேகப்படுத்தும். சுகர் இருப்பவர் வேறு எதை விடாவிட்டாலும் இதை விட்டே ஆகவேண்டும்.

நரம்பு கெடாமலே தடுக்க முடியுமா? பெரிய அளவில் முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை (உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும்) சர்க்கரை நோய் உள்ள 1,441 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு 60 சதவீதமும் விழித்திரைப் பாதிப்பு 76 சதவீதமும் குறைந்திருந்தது. கண்ணும் சிறுநீரகமும் பாதத்தைப் போலவே வலிக்காமல் கெடுபவை. ஆகவே, பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையையும், சிறுநீரில் ஆல்புமின் புரதம் கசிகிறதா என்பதையும் சோதித்துவிட வேண்டும்.

பாதத்துக்கான சோதனை இன்னும் எளிது. மீன் பிடிக்கும் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை, அது வளையும் வரை பாதத்தில் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் விசையில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, படுகிறதா என்று சொல்லவேண்டும். படவில்லை என்றால் பாதத்தின் காவல்காரன் போய்விட்டான் என்று அர்த்தம். அந்த வேலையை இனி கண்ணும் கையும் செய்யவேண்டும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றினால் பாதம் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். காலாணியை பிளேடால் சீவுவதும், அதற்கென்று விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் கூடாது. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சுளுக்கு என்று நினைத்து உருவிவிட்டால் நிலைமை மோசமாகும்.

பெரியப்பாவுக்கு மாவுக்கட்டு போட்டு, லீவு போட வைத்து, இரண்டு மாதத்தில் புண் மூடியது. அதன் பிறகு அவர் ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் ஒருநாளும் போட்டதில்லை. ராத்திரி படுக்கும் முன் பெரியம்மா அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து, செல்போன் லைட் அடித்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பார். "ஒண்ணும் இல்ல, படுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் லைட் அணையும்.