நாட்டுச் சாய்வு: சொல் விளக்கம்

பனிச்சறுக்கு நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை எனப் பிறர் இடும் மதிப்பெண்ணே வெற்றியை முடிவுசெய்யும் பன்னாட்டுப் போட்டிகளில், நடுவர் ஒருவர் தம் நாட்டு வீரருக்கு அறிந்தோ அறியாமலோ கூடுதலாக மதிப்பிடுவதை 'நேஷனல் பயாஸ்' என்பர். இதற்குத் தமிழில் எச்சொல் பொருந்தும்?

'பயாஸ்' என்பது சாய்வைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர், புல்தரையில் பந்துருட்டும் 'பௌல்ஸ்' ஆட்டத்தில் பந்து நேரே ஓடாமல் ஒருபக்கமாக வளைவதற்குக் காரணமான அதன் சமனின்மையை இச்சொல்லால் குறித்தனர். மனத்தின் கோணலுக்கு அது பெயரானதும் அக்காலத்தில்தான். தமிழிலும் இதே உருவகம் உண்டு. கோடுதல் என்றால் வளைதல். துலாக்கோலை உவமையாக்கி 'ஒருபால் கோடாமை' சான்றோர்க்கு அணி என்கிறது திருக்குறள் (118). அவ்வழியில் 'நாட்டுக் கோட்டம்' என்பதே மிக நெருங்கிய சொல்லாகும். ஆனால் 2007 முதல் ரயில்வே கோட்டத்தின் தலைமையிடமாக இருக்கும் சேலத்தில் அது நிர்வாகப் பிரிவு என்றே படிக்கப்படும்.

'நாட்டுச் சார்பு' என்பதிலும் இடர் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் என்று பெருமையோடு எழுதும் நாம், அதே சொல்லை நடுவரின் குறைக்கும் சூட்டுவது பொருந்தாது. (உயரம் தாண்டுதலில் குச்சி விழுந்ததா இல்லையா என்பதே தீர்ப்பு என்பதால், இச்சிக்கல் அங்கு எழுவதும் அரிது.)

'ஓரவஞ்சனை' எனலாமா? வஞ்சனையில் உள்நோக்கம் இருக்கிறது. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில், இணையர் பனிச்சறுக்கில் பேரம் நடந்ததாக எழுந்த புகாரால் பிரெஞ்சு நடுவர் இடைநீக்கப்பட்டு, ரஷ்ய இணையோடு கனடிய இணைக்கும் தங்கம் வழங்கப்பட்டது. அப்புகாருக்கு இச்சொல் தகும். பொருளியலாளர் எரிக் சிட்செவிட்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவது வேறு: குளிர்கால விளையாட்டுகளில் நடுவர்கள் தம் நாட்டவருக்கு உயர்த்தி மதிப்பிடும் போக்கு தொடர்ந்து காணப்படுகிறது. ஒருவரின் நேர்மையைக் குற்றஞ்சாட்டாமல் இப்போக்கைச் சொல்ல, 'நாட்டுச் சாய்வு' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இச்சாய்வைத் தவிர்க்க டெஸ்ட் கிரிக்கெட்டில் 1994இல் ஒருவராகவும் 2002இல் இருவராகவும் கட்டாயமாக்கப்பட்ட 'நியூட்ரல் அம்பயர்' என்பதை 'நடுநிலை நடுவர்' என்று பெயர்ப்பது கூறியது கூறலாகும். நடுவில் நிற்பவரே நடுவர். அங்கு வேண்டப்பட்டவர் பிறநாட்டு நடுவர்.