லாரிக்குள்ள ஒர்க்பெஞ்ச் கட்டப் போறீங்களா, மொதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க

நாமக்கல் பக்கம் பாடி கட்டுற பட்டறைல ரொம்ப வருசமா வெல்டிங், ஃபிட்டிங் வேலை பாக்குறேங்க. இப்பல்லாம் பழைய டாடா 407, ஐச்சர் 14 அடி லாரிய வாங்கி நடமாடும் ஒர்க்ஷாப்பா மாத்துறவங்க நிறைய வர்றாங்க, போர்வெல் வண்டி ரிப்பேர் பாக்குறவங்க, ஜேசிபி மெக்கானிக்குன்னு. வந்ததும் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே பெஞ்சுக்கு எத்தன எம்எம் பைப் போடலாம்?" பைப்ப அப்புறம் பேசுவோம், பெஞ்ச வண்டியில எதோட சேத்துப் புடிக்கப் போறோம்னு சொல்லுங்கன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன்.

ஒருத்தரு வேற இடத்துல கட்டுன வண்டியோட வந்தாரு. 50க்கு 50 ஸ்கொயர் பைப், மேல 6 எம்எம் பிளேட்டு, பாக்க யானை மாதிரி இருந்துச்சு. ஆனா கால் எல்லாத்தையும் தரையில கெடந்த 3 எம்எம் செக்கர் பிளேட்டோட மட்டும் போல்ட் போட்டு விட்டுட்டாங்க, கீழ வெறும் சின்ன வாஷர். ஓடி ஓடி ஆட்டத்துல ஓட்டை முட்டை மாதிரி நீண்டு, ஓரத்துல தகடு கீறி, ஒரு நாள் மாடு குறுக்க வந்து ஓங்கி பிரேக் அடிச்சதுல வாஷரோட போல்ட் மேல உருவிக்கிட்டு பெஞ்சு மொத்தமா நகந்து முன் தடுப்புத் தகட்ட நசுக்கிருச்சு. பெஞ்சு, வைஸு (சாமான இறுக்கிப் புடிக்கிற இடுக்கி), சாமான் எல்லாம் சேந்தா 200 கிலோ சாதாரணமா வந்துரும், முழு பிரேக்ல அதுல பாதிக்கு மேல எடை முன்னாடி தள்ளும். அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரைவர் உக்காந்திருக்காருங்க, அத நெனச்சா இப்பவும் பகீர்ங்குது.

அதனால மொதல்ல வண்டிக்கு அடியில படுத்து பாடித் தரையத் தாங்குற குறுக்குச் சட்டம், அதாவது கிராஸ் மெம்பர், எங்கெங்க போகுதுன்னு பாத்து, அதே அளவ மேல தரையில சாக்பீஸால கோடு போட்டுக்கங்க. பெஞ்சு கால் அந்தக் கோட்டு மேலதான் வரணும். எங்கயாவது ஒரு கால் தப்பிப் போச்சுன்னா தரைக்கு அடியில 4 இஞ்ச் சதுரத்துல 6 எம்எம் பிளேட் வச்சு முறுக்குங்க. போல்ட் 12 எம்எம், தலையில 8.8னு குத்தியிருக்கணும், அது போல்டோட பலத்தச் சொல்ற நம்பர்; நட்டு நைலாக்கா, அதாவது உள்ள நைலான் வளையம் வச்சு லேசுல தளராததா இருக்கணும். முறுக்கி முடிச்சதும் நட்டு மேலயும் போல்ட் மேலயும் சேந்தாப்ல ஒரு பெயிண்ட் கோடு இழுத்து விட்ருங்க, ஒரு 500 கிலோமீட்டர் ஓடுனதும் பாத்தா நட்டு நகந்திருக்கா இல்லியான்னு கோடே காட்டிக் குடுத்துரும்.

டிரில் போடறதுக்கு முன்னாடி கீழ பிரேக் பைப்பு, ஒயரிங், டீசல் டேங்க் எங்க இருக்குன்னு கட்டாயம் பாருங்க. பாடியத் தாங்குற வண்டியோட அடிச்சட்டமான சேஸ்ல மட்டும் ஓட்டையும் போடாதீங்க, வெல்டிங்கும் வைக்காதீங்க. வண்டிக்குள்ள வெல்டிங் வைக்கணும்னா பேட்டரி ஒயர கழட்டிருங்க, ஈசியூ (இன்ஜினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இருக்குற வண்டின்னா அதோட கனெக்டரையும் கழட்டிட்டு, எர்த்த வெல்டிங் வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே கவ்வ விடுங்க.

இன்னொரு விசயம், செவுத்துத் தகட்டோட பெஞ்ச இறுக்கி வெல்டிங் வச்சிராதீங்க. ஒரு வீல் பள்ளத்துல எறங்குனா சேஸும் பாடியும் சேந்து முறுக்கும், செவுரு ஒரு பக்கம் இழுக்கும் தரை ஒரு பக்கம் இழுக்கும், நடுவுல மாட்டுற வெல்டிங்தான் விரிசல் விடும். செவுத்துப் பக்கம் ரப்பர் வச்சு, நீள ஓட்டையில போல்ட் போட்டா அது பாட்டுக்கு அசஞ்சு குடுக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தா ஃபிரேமுக்கு 40க்கு 40, 2 எம்எம் பைப்பே தாராளம், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வச்சுட்டீங்கன்னா அசையாது. மேல 18 எம்எம் மரைன் பிளைவுட் போட்டு அது மேல 2 எம்எம் தகடு ஒட்டிருங்க, பிளைவுட் ஓரம் பூரா பெயிண்ட் அடிக்காம விடாதீங்க, மழைத்தண்ணி ஏறுனா ஊதிரும். வைஸ் காலுக்கு நேர் மேல வரணும், அதோட வாய் நீங்க நிக்கும்போது முழங்கை உயரத்துக்கு இருந்தா முதுகு புடிக்காது. டிராயருக்கு வெளியில தாழ்ப்பாள் போடுங்க, டிராயர் ஓடுற சேனல மட்டும் நம்பி விட்டா வளைவுல மொத்தமா தொறந்து ஸ்பேனர் எல்லாம் பறக்கும்.

பெஞ்சு ஒரு பக்கம்னா கம்ப்ரஸர அடுத்த பக்கம் வைங்க, இல்லைன்னா நாளாவட்டத்துல ஒரு பக்கத்து ஸ்பிரிங் பட்டை உக்காந்துரும். அப்புறம் சரக்கு வண்டிய ஒர்க்ஷாப்பா மாத்துறதுன்னா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்குங்க, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு அனுமதி வாங்கிட்டு வண்டிய பட்டறைக்குக் கொண்டு வாங்க.